பொம்மைப் படம் பெரியவர்களுக்கே!

அனைவருக்கும் வணக்கம். நடுவர் அவர்களுக்குத் தனியாக இன்னொரு வணக்கம். தீர்ப்பு அவர் கையில் இருக்கிறது. எதிரணிக்குக் கடைசியில், மிச்சமிருந்தால்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'ஸ்டாப் மோஷன் பொம்மைப் படங்கள் யாருக்குச் சொந்தம்? குழந்தைகளுக்கே! பெரியவர்களுக்கே!' பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு ஃப்ரேம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு ஃப்ரேம் என்று எடுத்து ஓட்டுகிற சினிமா. இதற்கு மேல் விளக்கினால் நடுவர் மணியில் கை வைப்பார்.

நானும் வாதங்களை ஒழுங்காக எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒன்று சொன்னாரே, கேட்டீர்களா? "வயசானவர் பொம்மைப் படம் பார்ப்பது, பேரனுடைய மூன்று சக்கர சைக்கிளில் தாத்தா ஏறி உட்கார்ந்த மாதிரி. சைக்கிளும் உடையும், தாத்தாவும் விழுவார்" என்றார். அரங்கமே கைதட்டியது. எங்கள் அணித் தலைவரும் சேர்ந்து தட்டினார், நான் பார்த்தேன். சரி, எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்த சைக்கிள் முதலில் யாருடையது என்று பார்த்துவிடுவோம்.

ருஷ்யப் பேரரசுக் காலம். இன்றைய லித்துவேனியாவில் உள்ள கௌனஸ் நகரத்தில் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அதன் பொறுப்பாளர் விளாடிஸ்லாவ் ஸ்டாரேவிச். மனிதருக்குப் பூச்சி என்றால் உயிர். கொம்பு போல நீண்ட தாடை உள்ள வண்டுகள் இரண்டு சண்டை போடுவதைப் படம் பிடிக்க ஆசைப்பட்டார். அவையோ இரவில் நடமாடுகிறவை. இவர் விளக்கைப் போட்டார். அவை சண்டையை மறந்து சுருண்டுவிட்டன. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் செத்த வண்டுகளை எடுத்தார், கால்களைக் கழற்றினார், மெழுகும் கம்பியும் வைத்து மறுபடி பொருத்தினார், ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திச் சண்டை போட வைத்தார். உயிரோடு இருந்தபோது நடிக்காத வண்டு, செத்த பிறகு நடித்தது! இவருடைய படத்தைப் பார்த்த லண்டன் பத்திரிகைகள், யாரோ ஒரு ருஷ்ய விஞ்ஞானி பூச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார் என்று எழுதியதாகக்கூடச் சொல்வார்கள்.

அப்புறம் 1912இல் அவர் ஒரு படம் எடுத்தார். 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்'. கால் மணி நேரம்கூட ஓடாது. கதையைச் சொல்கிறேன், குழந்தைகள் யாராவது அரங்கில் இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

திருவாளர் வண்டு குடும்பஸ்தர். அடிக்கடி 'வேலை விஷயமாக' நகரத்துக்குப் போவார். நடுவர் அவர்களே, நீங்களும் பட்டிமன்றம் என்று சொல்லி அடிக்கடி வெளியூர் போகிறவர். நான் எதுவும் சொல்லவில்லை, உங்கள் வீட்டம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். நகரத்தில் வண்டுக்கு என்ன வேலை? கேளிக்கை விடுதியில் நடனமாடும் ஒரு தட்டான்! அவள் மேல் ஒரு வெட்டுக்கிளிக்கும் கண். வண்டு அந்த வெட்டுக்கிளியைத் தள்ளிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆனால் வெட்டுக்கிளி யார்? சினிமா ஒளிப்பதிவாளர். கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஹோட்டலுக்குப் போய், சாவித் துவாரம் வழியாக நடந்ததை எல்லாம் படம் பிடித்துவிடுகிறது.

வீட்டில் என்ன நடக்கிறது? திருமதி வண்டு சும்மா இருக்கவில்லை. அவருக்கு ஒரு ஓவியர். அதுவும் பூச்சிதான். வண்டு திரும்பி வந்து கதவைத் தட்ட, ஓவியர் புகைபோக்கி வழியாக ஓட்டம்! இங்கே கவனியுங்கள். வண்டு மனைவியை மன்னிக்கிறார். மன்னித்தவர் யார்? நேற்று ஹோட்டலில் இருந்தவர்! எவ்வளவு பெரிய மனசு! மன்னித்ததோடு நில்லாமல், வா, ஒரு சினிமாவுக்குப் போவோம் என்று கூட்டிக்கொண்டு போகிறார்.

தியேட்டரில் படம் ஓட்டுகிறவர் யார்?

பாருங்கள், நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெட்டுக்கிளி!

திரையில் என்ன ஓடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஹோட்டல்! தட்டான்! சாவித் துவாரம்! அரங்கிலேயே அடிதடி, ப்ரொஜெக்டர் தீப்பிடித்து எரிகிறது, கணவன் மனைவி இருவரையும் சிறையில் போடுகிறார்கள். தனித்தனி அறை கேட்டிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எதிரணி நண்பரே, இந்தக் கதையை எந்தக் குழந்தைக்குச் சொல்லித் தூங்க வைப்பீர்கள்? 1912, ஐயா! இந்தக் கலை தவழ்ந்துகொண்டிருந்த வயதிலேயே கள்ளக்காதல், சாவித் துவாரம், பழிவாங்கல், சிறைவாசம் எல்லாம் வந்துவிட்டது. அதற்கு முன்னாலும் விளையாட்டுப் பொம்மைகளை ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. எதிரணி அதைக் குறித்துக்கொள்ளட்டும், மறுப்பதற்கு அவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா? ஆனால் சைக்கிள் தாத்தாவுடையது. பேரன் பிற்பாடு வந்து பிடுங்கிக்கொண்டான். பாவம், சின்னப் பையன் என்று தாத்தா விட்டுக்கொடுத்தார். இன்றைக்கு அதே தாத்தாவைப் பார்த்து, இறங்கு, உடைந்துவிடும் என்கிறீர்கள்!

அதே நண்பர் இன்னொன்றும் கேட்டார். "பெரியவர்கள் கதை என்றால் நடிகர்களை வைத்து எடுக்க வேண்டியதுதானே, ஆளுக்கா பஞ்சம்?" நல்ல கேள்வி. 2015இல் சார்லி காஃப்மனும் டியூக் ஜான்சனும் 'அனோமலிசா' என்று ஒரு படம் எடுத்தார்கள். அமெரிக்காவில் அதற்கு 'ஆர்' சான்றிதழ். பெரியவர் துணை இல்லாமல் சிறுவர்களை உள்ளே விட மாட்டார்கள். வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு வாங்கியது. அதில் ஒரு மனிதன். அவனுக்கு உலகத்தில் எல்லாருமே ஒரே முகம், ஒரே குரல். மனைவி, மகன், டாக்ஸி ஓட்டுபவர், யார் பேசினாலும் அதே ஆண் குரல். டாம் நூனன் என்ற ஒரே நடிகர்தான் அத்தனை பேருக்கும் குரல் கொடுத்திருக்கிறார். திடீரென்று ஒரு ஹோட்டலில் ஒரே ஒருத்தி மட்டும் வேறு குரலில் பேசுகிறாள். அவன் ஆடிப்போகிறான்! பொம்மைகளின் முகத்தில் கண்ணை ஒட்டி ஓடும், முகத்துண்டுகள் சேருகிற இணைப்புக் கோட்டைக்கூட அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நிஜ மனிதர்களை நிறுத்தி, எல்லாருக்கும் ஒரே முகம் என்று காட்டுங்கள் பார்ப்போம். மேக்கப் போட்டே மனிதர் செத்துவிடுவார்.

விளையாட்டு என்ற சொல்லை எதிரணி அடிக்கடி பயன்படுத்தியது. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு அசைவையும் இரண்டு ஃப்ரேம் எடுத்தால்கூட விநாடிக்கு 12 முறை, நிமிடத்துக்கு 720 முறை பொம்மையை நகர்த்த வேண்டும். ஃபில் டிப்பெட் என்றொருவர் 1980களின் கடைசியில் 'மேட் காட்' படத்துக்கான வேலையை ஆரம்பித்தார். சினிமாவில் கம்ப்யூட்டரில் உருவாக்கிய டைனோசர்கள் வந்ததும், இனி நம் வேலைக்கு இடமில்லை என்று மூட்டை கட்டி வைத்தார். பல வருஷம் கழித்து மறுபடி எடுத்தார். 2021இல் திரைக்கு வந்தது. நரகத்துக்குள் இறங்கிப் போகிற மாதிரி ஒரு படம். குழந்தையைக் கூட்டிப் போனால் உங்களுக்குத்தான் ராத்தூக்கம் போகும்.

சிரித்தது போதும்.

1965. செக்கோஸ்லோவாக்கியா. யிர்ஜி த்ருங்கா எடுத்த 'கை'. படத்தில் பேச்சே கிடையாது. ஒரு சின்னக் கலைஞன், தன் பூச்செடிக்காக மண் தொட்டி செய்துகொண்டிருக்கிறான். கதவைத் தட்டிக்கொண்டு ஒரு ராட்சசக் கை வருகிறது. பொம்மைக் கை இல்லை, நிஜ மனிதக் கை. தொட்டி செய்யாதே, என் சிலையைச் செய் என்கிறது. ஆசை காட்டுகிறது, மிரட்டுகிறது, கடைசியில் கூண்டில் அடைக்கிறது. அவன் தப்பித்து வீட்டுக்கு ஓடி வருகிறான். அவன் ஆசையாக வளர்த்த அந்தப் பூந்தொட்டியே தலையில் விழுந்து செத்துப்போகிறான். அப்போது அதே கை வந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறது! 1969இல் த்ருங்கா இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் தடை செய்தார்கள். குழந்தைகள் பார்க்கிற பொம்மைக்கு எந்த அரசாங்கமாவது பயப்படுமா, நடுவர் அவர்களே?

இன்னும் ஒன்றே ஒன்று. 2009இல் ஆஸ்திரேலியாவின் ஆடம் எலியட் களிமண்ணில் எடுத்த 'மேரி அண்ட் மேக்ஸ்'. மெல்போர்னில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை. நியூயார்க்கில் 44 வயது மனிதர் ஒருவர், ஆட்டிசத்தில் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலை உள்ளவர், மனிதர்களைப் பார்த்தாலே பதறிப்போகிறவர். தொலைபேசிப் புத்தகத்தில் கண்ணில் பட்ட பெயர் ஒன்றுக்கு அவள் கடிதம் போடுகிறாள். இருபது வருஷக் கடிதங்கள். எலியட்டுக்கே நியூயார்க்கில் அப்படி ஒரு பேனா நண்பர் உண்டு. அதிலிருந்து பிறந்த கதை. படத்தில் வருகிற அந்த 44 வயது மனிதருக்கு அழ வராது. அதை எழுதுகிறார். அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? தன் கண்ணீரைச் சின்னப் புட்டியில் அடைத்துத் தபாலில் அனுப்புகிறாள்.

கடைசியில் அவள் கைக்குழந்தையோடு அவரைப் பார்க்க வருகிறாள். அன்று காலைதான் அவர் இறந்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தபடியே உயிர் போயிருக்கிறது. அவளும் நிமிர்ந்து பார்க்கிறாள். கூரை முழுக்க அவளுடைய கடிதங்கள். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

இதற்கு என்ன வாதம் வைப்பது? என்னிடம் இல்லை. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்ட வீடுகளில் இருந்து வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடமும் பழைய கடிதங்கள் இருக்கும். எதிரணி நண்பரே, இன்று இரவு இந்தப் படத்தைத் தனியாகப் பாருங்கள். பார்த்து முடித்த பிறகும் பேரன் சைக்கிள் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அடுத்த மேடையில் நான் வந்து உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறேன். உங்கள் அணிக்காகவே பேசுகிறேன்.

நடுவர் மணி அடித்துவிட்டார். எதிரணிக்குத் தர வேண்டிய வணக்கத்தை இப்போது தருகிறேன். வணக்கம்.