பீட்டர் புரூக்: ஒரு கம்பளம் போதும்

[திரையில்: பாலைவன ஊரின் சந்தை]

1972 டிசம்பர். அல்ஜீரியாவில் இன் ஸாலா என்ற பாலைவன ஊர். சந்தைக்கு நடுவில் ஒரு நாடகக் குழு கம்பளம் விரிக்கிறது. திரை இல்லை, கதை இல்லை. ஒரு நடிகர் தன் பூட்ஸைக் கழற்றிக் கம்பளத்தின் நடுவில் வைக்கிறார். கூட்டம் அதையே உற்றுப் பார்க்கிறது. அந்தப் பூட்ஸிலிருந்துதான் நாடகம் பிறக்கிறது.

குழுவை அழைத்து வந்தவர் நாடக இயக்குநர் பீட்டர் புரூக். 1925இல் லண்டனில் பிறந்தவர். 22 வயதிலேயே லண்டனின் பெரிய இசைநாடக அரங்கான ராயல் ஓப்பரா ஹவுஸில் தயாரிப்புகளின் இயக்குநர். 1949இல் அவர் அங்கே மேடையேற்றிய ‘சலோமே’ இசைநாடகத்துக்கு அரங்க வடிவமைப்பு, கனவு போன்ற ஓவியங்களால் புகழ்பெற்ற சல்வடோர் டாலி! ஆடம்பரத்தை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அதை வேண்டாம் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

[திரையில்: வெள்ளைச் சுவர்கள், ஊஞ்சல்கள்]

1970, ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு. அவருடைய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகம். காட்டில் நடக்கும் கதை, ஆனால் மேடையில் மரமே கிடையாது. சாலி ஜேக்கப்ஸ் வடிவமைத்த வெள்ளைப் பெட்டி மட்டும். கதையில் வரும் மாய மலருக்குப் பதில், குச்சி நுனியில் சுழலும் ஒரு தட்டு. ஊஞ்சலில் இருந்தபடி அதை ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு மாற்றுவார்கள். தட்டு விழுந்துவிடுமோ என்று நமக்கு மூச்சு நிற்கும் பாருங்கள், அங்கே மாயம் வந்துவிடுகிறது.

அப்புறம் பாரிஸ். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்த பூஃப் துய் நோர் அரங்கை 1974இல் திறந்தார். சுவர்களின் காயங்களை மறைக்கவில்லை, அப்படியே விட்டார்.

[திரையில்: கல்குவாரி, இரவு]

1985இல் பிரான்ஸின் அவினியோன் நாடக விழாவில், ஒரு கல்குவாரியில் மகாபாரதம். எழுதியவர் ஜான்-க்ளோட் கேரியர். ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். பல நாட்டு நடிகர்களுக்கு நடுவே திரௌபதியாக நம் மல்லிகா சாராபாய். துரோணர் சாகும் இடத்தில் வாள்வீச்சு கிடையாது. துரோணராக நடித்த ஜப்பானிய நடிகர் யோஷி ஓய்டா ஒரு பாத்திரத்துச் சிவப்பு நீரைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொள்வார்.

இதிகாசத்தை அதன் மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டார் என்று இந்திய நாடக விமர்சகர் ருஸ்தம் பரூச்சா கடுமையாக எழுதினார். அதில் நியாயம் உண்டு. அந்தக் கதையோடு வாழும் மக்களின் பக்தியை ஒரு கம்பளத்தில் சுருட்டிக்கொண்டு போய்விட முடியாது. ஆனாலும் அந்தச் சிவப்பு நீர் என்னை உலுக்கத்தான் செய்கிறது.

2022இல், 97 வயதில் புரூக் பாரிஸில் இறந்தார். மகாபாரதத்தை அந்தக் குவாரியில் சில நாட்கள் விடிய விடிய நடத்தினார்கள். போர் முடிந்து கதை அடங்கும்போது பாறைகளுக்கு மேலே நிஜமாகவே பொழுது விடியும்.