மாமாவின் கணக்கு நோட்டில் ‘வராத பணம்’
அனைவருக்கும் வணக்கம். இன்று வியாசர்பாடியில் என் அத்தை வீட்டு வாசற்படியில் அமர்ந்து பேசுகிறேன். என் கையில் இருப்பது மாமாவின் கணக்கு நோட்டு. மாடிப்படியில் வழுக்கி விழுந்து அத்தைக்குத் தொடை எலும்பு முறிந்த நாளிலிருந்து, வீட்டை விட்டுப் போன ஒவ்வொரு ரூபாயையும் அவர் இதில் எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் ஓடியது பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்களிடம் இருந்தும், அந்த மருத்துவமனை திட்டத்தில் சேரவில்லை என்பதால் முன்பணம் கேட்டார்கள். எக்ஸ்ரேவுக்கும் ஊசிக்கும் 3,400 ரூபாய் கட்டிவிட்டு அரசு மருத்துவமனைக்கு வந்தோம். அங்கே ஆபரேஷன், கம்பி, மருந்து, படுக்கை எதற்கும் பணம் வாங்கவில்லை. அத்தை இன்று வாக்கர் பிடித்து நடக்கிறார் என்றால் அந்த மருத்துவர்களும் செவிலியர்களுமே காரணம்; அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

இரண்டாம் பக்கத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். பெண்கள் வார்டு என்பதால் இரவில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும். ஆகவே தையல் கம்பெனியில் தினக்கூலிக்குப் போகும் அத்தை மகள், 17 நாட்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். நாளொன்றுக்கு 550 வீதம் 9,350 ரூபாய் போயிற்று. மாமா அதற்கு ‘வராத பணம்’ என்று தலைப்பிட்டு, சிவப்பு மையில் தனியாக எழுதியிருக்கிறார். அதன் கீழே ஆட்டோ, டயப்பர், ஃப்ளாஸ்க், வாக்கர். எல்லாவற்றுக்கும் கீழே கம்மலை அடகு வைத்த ரசீது.

லான்செட் மருத்துவ இதழின் உலக அறுவை சிகிச்சை ஆணையம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, இதே கணக்கைத்தான் உலக அளவில் போட்டது. அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் நேரடியாகப் பணம் கட்டி ஆண்டுதோறும் பொருளாதாரப் பேரிடரில் விழுகிறவர்கள் 3.3 கோடிப் பேர் என்றும், பயணம், உணவு போன்ற மருத்துவம் சாராத செலவுகளால் விழுகிறவர்கள் மேலும் 4.8 கோடிப் பேர் என்றும் அது மதிப்பிட்டது. இரண்டாவது எண்தான் பெரியது என்பதைக் கவனியுங்கள். கீழ் நடுத்தர வருமான நாடு என்று உலக வங்கி வகைப்படுத்தும் நம் நாட்டில், பில்லைக் குறைப்பது பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பில்லைக் குறைக்க முடியும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: 2017-இல் இதய ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தது. போன கூலிக்கு ஈடு தருவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வரை தருகிறார்கள். கர்ப்ப காலத்தில் கூலி நின்றுபோகும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதும் அது வந்ததற்கு ஒரு காரணம். தொடை எலும்பு முறிந்தாலும் கூலி நின்றுதான் போகிறது. தினக்கூலிக் குடும்பத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தால், துணைக்கு இருப்பவருக்கும் நாள் கணக்குப் பார்த்து உதவித்தொகை தர வேண்டும், அதுவும் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கையில் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மாமா இந்த மாத வட்டி கட்ட அடகுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நோட்டை அவரிடம் கொடுக்க வேண்டும்.