ஆட்டின் கண்ணில் படுத்துக் கிடக்கும் கோடு

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் கடைசிப் பதினோரு ஆண்டுகளைத் தலைமையாசிரியையாகக் கழித்து ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களையும் படம் வரைகிறவர்களையும் பள்ளிக்கு அழைத்துப் பயிலரங்கு நடத்துவது பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். இந்த வேலையில் நான் முதலில் தவறு செய்து, பிறகுதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதன்முதலாக ஓர் எழுத்தாளரை நான் அழைத்தது ஒரு நவம்பர் 14 அன்று. சென்னையிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து, முகம் கழுவிக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கே அவர் பள்ளியில் இருந்தார். நாங்களோ சாமியானாப் பந்தலின்கீழ் முந்நூறு பிள்ளைகளை உட்காரவைத்து, வரவேற்புரை, அறிமுக உரை, பொன்னாடை, இரண்டு நடனம், பரிசளிப்பு என்று வரிசையாக நடத்தி, அவர் கையில் மைக்கைக் கொடுத்தபோது மணி பன்னிரண்டு இருபது ஆகியிருந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது. வாசிப்பு எவ்வளவு நல்லது என்று அவர் பத்து நிமிடம் பேசினார், எல்லோரும் கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். மறுநாள் ஐந்தாம் வகுப்பில், நேற்று வந்தவரைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். அவருக்குப் போட்ட சால்வை பச்சை நிறம் என்று ஒரு பெண் சொன்னாள். வேறு யாரிடமும் பதில் இல்லை.

புத்தகம் படி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசிரியர்களாகிய நாங்கள் இருக்கிறோம். அதற்காக ஒருவர் நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து வர வேண்டியதில்லை. ஒரு கதை எங்கிருந்து முளைக்கிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, எப்படித் திருத்தப்படுகிறது என்பதைத் தன் கையாலேயே செய்துகாட்டக்கூடிய ஒருவரை அழைத்துவைத்துக்கொண்டு, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரைச் செய்யவைத்திருக்கிறோம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் ஓவியரை அழைத்தேன். அந்த முறை மைக் இல்லை, மேடை இல்லை, மாலையும் இல்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர், ஓர் அறை, தரையில் பாய், சுவரில் ஒட்டிய சார்ட் தாள்கள், இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் வெள்ளாடு வளர்க்காத வீடு குறைவு என்று முன்னமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த ஓவியர், கரித்துண்டை எடுத்து ஓர் ஆட்டை வரையத் தொடங்கினார். கொம்பு, காது, தாடி எல்லாம் வந்தன. கண்ணை வட்டமாகப் போட்டு, அதன் நடுவில் கறுப்பாக ஒரு வட்டப் பொட்டும் வைத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பதைத் தவிர அதிகம் வாய் திறக்காதவன். “சார், ஆட்டுக் கண்ணு அப்படி இருக்காது. உள்ள கோடு படுத்துக் கெடக்கும்” என்றான்.

ஓவியர் கரித்துண்டை அவனிடமே நீட்டினார். அவன் வந்து, வட்டத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு, குறுக்கே ஒரு கட்டை போட்டதுபோல் கோட்டை இழுத்தான். இழுத்துவிட்டு, உச்சி வெயிலில் அந்தக் கோடு மெல்லிசாக இருக்கும், பொழுது சாய்ந்தால் தடித்துவிடும் என்றும் சொன்னான். அப்படியானால் நம் கதையில் ஆடு தொலைவது எந்த நேரத்தில் என்று ஓவியர் உடனே கேட்டார். வெளிச்சம் மங்கும் நேரம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். கோடு தடித்தது. அந்தத் தடித்த கோட்டிலிருந்துதான் அன்றைய கதை புறப்பட்டது: இருட்டுகிற நேரத்தில் ஆட்டுக்கு என்னென்ன தெரியும், அதைத் தேடிப் போகிற பிள்ளைக்கு என்னென்ன தெரியாது என்று.

அந்தப் பையனுக்கு அவ்வளவு தெரியும் என்று மூன்று ஆண்டுகளாக அவனுக்குப் பாடம் நடத்திய எங்களுக்குத் தெரியாது. எங்கள் கேள்விகள் எதற்கும் அது விடையாக இருந்ததில்லை. பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் கண்ணால் சேர்த்துவைத்திருக்கிற செல்வத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்து இறக்க ஒரு வாசல் வேண்டியிருக்கிறது. அந்த வாசலைத் திறக்கத் தெரிந்தவர்கள் என்பதால்தான் இவர்களை அழைக்கச் சொல்கிறேன். தொடக்கப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காகத் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேரப் பயிற்றுநர்கள் நியமிக்கப்பட்டபோதும், அது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காகவே இருந்தது. எழுத்துக்கு முன்பே படத்தைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத்தான், படம் வரையத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கிறது.

எழுத்தாளர் வந்த ஒரு நாளைப் பற்றியும் சொல்கிறேன். இம்முறை வந்தவர், அச்சான தம் புத்தகத்தோடு, அந்தக் கதையைத் தாம் எழுதிய காகிதக் கட்டு முழுவதையும் கொண்டுவந்திருந்தார். பாயில் அதைப் பரப்பிவைத்தார். வரிவரியாக அடித்திருந்தது, ஓரத்தில் அம்புக்குறி போட்டு வேறு வாக்கியம் எழுதியிருந்தது, ஒரு பக்கம் முழுவதும் குறுக்குக் கோடு. பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்கள். ஒரே கதையை ஏழு முறை எழுதியிருந்தார். ஒரு சிறுமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் அவரிடம் கேட்டாள்: “இவ்ளோ அடிச்சிருக்கீங்களே, உங்க டீச்சர் திட்ட மாட்டாங்களா?”

அந்தக் கேள்வி எனக்குரியது. அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக என்று கரும்பலகையில் எத்தனை ஆண்டுகள் எழுதியிருப்பேன்! கட்டுரை நோட்டில் ஒரு சொல்லை அடித்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். எழுதும்போதே முடிந்த வடிவில் எழுதிவிட வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை, தெரிந்த வாக்கியத்தைத் தவிர வேறொன்றை எழுதத் துணியாது. பசு வீட்டு விலங்கு, அது பால் தரும், அதோடு கட்டுரை முடிந்தது. அந்தப் பயிலரங்குக்குப் பிறகு எங்கள் பள்ளியில் ரஃப் நோட்டுக்கு ஒரு மரியாதை வந்தது. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆசிரியர் சிவப்பு மையால் தொடக் கூடாது என்று வைத்தோம். எழுத்துப் பிழையைக்கூடக் கடைசிப் படிக்கு வரும்போதுதான் பேசினோம். 'கெடக்கும்' என்று எழுதிய பிள்ளையை 'கிடக்கும்' என்று முதல் வரியிலேயே திருத்தினால் இரண்டாவது வரி வராது.

எழுத்தாளரை அழைக்கிற பள்ளிகள்கூட ஓவியரை மறந்துவிடுவது எனக்கு நெடுநாளைய மனக்குறை. அம்புலிமாமாவில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்த சங்கர் தாராபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்தவர். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கிற விக்கிரமாதித்தனின் உருவம் என் தலைமுறையினர் மனத்தில் பதிந்தது அவர் கையால்தான். அந்தக் கதைகளை எழுதியவர்கள் யார் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. படம் மட்டும் அப்படியே நிற்கிறது. இன்றும் பல குழந்தை நூல்களில் ஓவியரின் பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கதை வாசிக்கத் தொடங்கும்போது, எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திருப்புவோம்.

ஓவியரிடம் பிள்ளைகள் கற்பது வரைவதை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். பெரிய தாள் ஒன்றை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். படப் புத்தகங்கள் 16, 24, 32 என்று பக்கக் கணக்கில் வருவது அதனால்தான் என்பதை எங்கள் பள்ளிக்கு வந்த ஓவியர் மடித்தே காட்டினார். பிறகு ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டி, எட்டுப் பக்கச் சிறு புத்தகமாக்கக் கற்றுக்கொடுத்தார். முன்னட்டை, பின்னட்டை போக ஆறு பக்கம். அதாவது விரித்தால் மூன்று விரிப்பு. கதை அந்த மூன்று விரிப்புக்குள் தொடங்கி, சிக்கி, விடுபட வேண்டும். சுருக்கி எழுதுக என்று தமிழ்ப் பாடத்தில் நாங்கள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுப்பதை அந்த ஒரு தாள் செய்துவிட்டது. நடுமடிப்பில் முகம் விழக் கூடாது, விழுந்தால் மூக்கு புத்தகத்துக்குள் போய்விடும் என்று அவர் சொன்னதும், ஏற்கெனவே வரைந்துவிட்ட நான்கைந்து பேர் அலறிக்கொண்டு தாளைத் திருப்பியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இத்தகைய பயிலரங்கை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன். வருகிறவரின் புத்தகங்கள் நான்கைந்தை ஒரு மாதம் முன்பே வாங்கி வகுப்பில் வையுங்கள், உரக்க வாசித்துக் காட்டுங்கள். படித்த பிள்ளை கேட்கும் கேள்வியே வேறு. உங்களுக்குப் பிடித்த உணவு எது என்று அது கேட்காது, அந்த அணிலை ஏன் திரும்பி வரவிடவில்லை என்று சண்டைக்குப் போகும். நவம்பர் 14-ஐ விட்டுவிடுங்கள். அன்றைக்கு எல்லாப் பள்ளிகளுக்கும் ஆள் வேண்டும். காலாண்டுத் தேர்வுக்கு முந்திய ஜூலை, ஆகஸ்டும், பொங்கலுக்குப் பின் சில வாரங்களும் வசதியான காலம். ஓர் அமர்வில் முப்பது பேருக்குமேல் வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி உட்காரவைக்காதீர்கள்; அப்படிச் செய்திருந்தால் ஆட்டின் கண் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். வெளியாள் ஒருவர் வகுப்பறைக்கு வருவதற்குக் கல்வி அலுவலரிடம் முறைப்படி எழுதி அனுமதி பெறுங்கள். வகுப்பாசிரியர் கடைசிவரை அறையிலேயே இருக்க வேண்டும். இருந்து, தாமும் ஒரு தாளை மடித்து எழுத வேண்டும்; பதிவேடுகளை முடிக்க அதை ஓய்வு நேரமாகக் கொள்ளக் கூடாது. பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் கைப்பேசிக் குழுக்களில் போட வேண்டாம்.

பணம் பற்றியும் பேசத்தான் வேண்டும். இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் பலர் சால்வையோடு நிறுத்திவிடுகிறார்கள். நாற்பது ரூபாய் விலையுள்ள ஒரு குழந்தை நூலுக்குப் பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு படிக்கு நான்கு ரூபாய். ஓவியருக்குப் பெரும்பாலும் ஒருமுறை தரும் தொகையோடு சரி. எங்கள் மாவட்டத்து இராயவரத்தில் 1922-இல் பிறந்து, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கிய குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். இன்றைக்கும் குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களில் பலர் வேறொரு வேலையில் இருக்கிறவர்கள். ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவருக்குப் பயணச் செலவும், தங்க நல்ல இடமும், அவர் உழைப்புக்குரிய தொகையும் தருவது கடமை. அதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது நாகரிகம். அயர்லாந்தில் எழுத்தாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று 1977 முதல் நடந்துவருகிறது. அங்கே செலவில் ஒரு பகுதியைத் திட்டமே ஏற்கிறது. நம் ஊரில் பள்ளி மேலாண்மைக் குழுவிலும், முன்னாள் மாணவர்களிடமும் கேட்டால் கிடைக்கும் என்பதை நான் கண்டிருக்கிறேன். ஆண்டுவிழாப் பந்தலையும் ஒலிபெருக்கியையும் கொஞ்சம் சுருக்கினோம்; இரண்டு பயிலரங்குக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அருகருகே உள்ள மூன்று பள்ளிகள் சேர்ந்து அழைத்தால், வந்தவரை அடுத்தடுத்த நாள்களில் பகிர்ந்துகொள்ளலாம்; பயணச் செலவும் மூன்றில் ஒன்றாகிவிடும்.

பயிலரங்கு முடிந்து அவர் ஊருக்குப் போன பிறகு என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். ஓவியர் வந்த அன்று பிள்ளைகள் செய்த புத்தகங்கள் இருபத்தாறையும் அடுத்த ஒரு வாரம் அவர்களே திருத்தி, மறுபடி வரைந்து, அட்டை ஒட்டி முடித்தார்கள். பிறகு நூலக இருப்புப் பதிவேட்டை எடுத்து, மற்ற நூல்களுக்குச் செய்வதுபோலவே வரிசை எண் கொடுத்து ஒவ்வொன்றாகப் பதிந்தோம். நூலின் பெயர், ஆசிரியர், ஓவியர், பக்கம் என்று கட்டங்கள். ஆசிரியர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதும்போது, அப்பா பெயரின் முதலெழுத்தையும் போட வேண்டுமா என்று ஆட்டுக்காரப் பையன் என்னிடம் கேட்டான். புத்தகத்தில் எப்படி வர வேண்டும் என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். சற்று யோசித்து, முதலெழுத்தோடுதான் எழுதினான். அந்தப் புத்தகத்தை முதலில் வீட்டுக்கு எடுத்துப் போனது இரண்டாம் வகுப்பில் படித்த அவன் தங்கை. திருப்பித் தந்தபோது, ஆட்டின் கண்ணில் இருந்த அந்தக் கோட்டைப் பென்சிலால் இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கியிருந்தாள்.

வணக்கம்.