டீக்கடையில் சொன்ன டிஃபெக்ட்

வணக்கம் நேயர்களே. மென்பொருள் எழுதுகிறவர்களிடம், வேலையை எண்களால் அளக்கிற மெட்ரிக்ஸ் பற்றிச் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான். அப்புறம் அந்த வேலையிலேயே பாதி ஆயுள் போயிற்று.

நான் இருந்த ஒரு கம்பெனியில் புரோகிராமில் யார் எத்தனை டிஃபெக்ட், அதாவது தப்பு, செய்தார்கள் என்று மாதாமாதம் பெயர் போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். இரண்டே மாதத்தில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. மேலிடத்துக்கு ஒரே சந்தோஷம். நடந்தது என்னவென்றால், டெஸ்டிங் பையன் தப்பைக் கண்டால் பதிவு செய்யமாட்டான். டீக்கடையில் காதோடு சொல்வான். "அண்ணே, அந்த ஸ்கிரீன்ல தேதி மாறி வருது, சாயங்காலத்துக்குள்ள பாத்துருங்க." நானும் திருத்திவிடுவேன். டீக்காசு என் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ் ஹம்ஃப்ரியைப் படித்தேன். 1927இல் பிறந்த அமெரிக்கர். ஐபிஎம்மில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு, 1986இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு கம்பெனி எவ்வளவு ஒழுங்காக மென்பொருள் எழுதுகிறது என்று படிபடியாக மதிப்பிடுவது சிஎம்எம்; நம் கம்பெனிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட 'சிஎம்எம் லெவல் 5' அதன் உச்சப்படி. அதற்கு அடித்தளம் போட்டவர் அவர். சென்னையில் அவர் பெயரில் ஒரு மென்பொருள் தர நிலையம்கூட 2000இல் தொடங்கினார்கள்.

லெவலெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கம்பெனிக்கான இந்த ஒழுங்குமுறை ஒற்றை ஆளுக்கும் ஒத்துவருமா என்று அறிய, அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் தானே உட்கார்ந்து 60க்கும் மேற்பட்ட சிறு புரோகிராம்களை எழுதினார். எத்தனை நிமிடம் ஆயிற்று, தப்பு எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எதில் பிடிபட்டது, எல்லாவற்றையும் குறித்தார். பிஎஸ்பி, அதாவது பர்சனல் சாஃப்ட்வேர் ப்ராசஸ், என்ற முறை அப்படித்தான் பிறந்தது. அதில் ஒன்றை அவர் கறாராகச் சொன்னார்: அந்தக் குறிப்பு எழுதியவனுக்கே சொந்தம், ஆளை எடைபோட மேலதிகாரி அதைத் தொடக்கூடாது.

நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். போன் வந்தால் அந்த நிமிடங்களைக் கழித்து எழுதினேன். "ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்" என்று நான் சொன்னதெல்லாம் நாலு நாள் இழுத்திருந்தது. தப்புகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: திரும்பத் திரும்ப ஓடவேண்டிய கட்டளைகள், அதாவது லூப், ஒரு சுற்று கூடவோ குறையவோ ஓடுவது. கம்பைல் செய்வதற்கு, அதாவது கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றுவதற்கு, முன் அச்செடுத்து, பேனாவும் கையுமாக ஒரு தடவை படித்தாலே பாதி அகப்பட்டது.

பிற்பாடு, வேலை நடக்கும் முறையைக் கவனிக்கிற ப்ராசஸ் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் காரியமாகச் சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். அடுத்த மாதம் மேனேஜர் கூப்பிட்டார். "என்னப்பா, நீ வந்தப்புறம் டிஃபெக்ட் ரெண்டு மடங்காயிருச்சே?"

அன்று சாயங்காலம் டீக்கடையில் அந்தப் பையன் தன் டீக்குத் தானே காசு கொடுத்தான்.