வலை கடவுளோடதா?

நடுவர் அவர்களே, பங்குச் சாமி அவர்களே, மணலில் உட்கார்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம். மெய்யான மனந்திரும்புதலுக்கு அடையாளம் கண்ணீரா, ஈடு செய்வதா என்பது தலைப்பு. நாங்கள் ஈடு செய்யும் அணி.

எதிரணி அக்கா போகிற போக்கில் ஒரு கல்லை வீசினார். "ஈடு செய்வதுதான் பெரிசுன்னா, முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்த யூதாசுக்கல்லவா முதல் கோயில் கட்டணும்?" நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டியிருப்பேன், கையில் டீ இருந்தது.

அக்கா, யூதாஸ் காசை யாரிடம் கொடுத்தான்? தலைமைக் குருக்களிடம். காட்டிக்கொடுத்தது யாரை? இயேசுவை. அவர் பக்கம் அவன் திரும்பவே இல்லையே! துரோகம் ஒருத்தருக்கு, பைசல் வேறொருத்தரிடமா? லூக்கா நற்செய்தி 19-ல் வரி வசூலித்த சக்கேயுவைப் பாருங்கள். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றிப் பறித்ததோ, பறிகொடுத்தவனுக்கே நாலு மடங்கு. மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தோமே, அந்த மூன்றாவதில்தானே எல்லாரும் நழுவுகிறோம்!

நம்ம தங்கச்சிமடத்திலும் ஒருத்தர் நழுவினார். விசைப்படகுக்காரர். பேர் வேண்டாம், இங்கேதான் இருக்கிறார். யாரும் பின்னால் திரும்பாதீர்கள்! அவரே டீக்கடையில் சொன்ன கதை இது. ஒரு ராத்திரி அவர் படகு ஒரு நாட்டுப்படகுக்காரரின் நண்டு வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தவக்காலம் வந்ததும் மனசு உறுத்தியது. சாமியிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அழுதார். அழுகை என்றால் அழுகை, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அப்புறம், 1693-ல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காகத் தலைகொடுத்த ஓரியூருக்கு நடந்தே போனார். காலெல்லாம் கொப்புளம். அதுவும் போதாமல், கச்சத்தீவுக்குப் படகேறி அந்தோணியாரிடம் அழுதார். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர், சரி. அறுந்த வலையையும் அவரா உட்கார்ந்து பின்னுவார்?

வலைக்காரர் வீடு எங்கே? அடுத்த தெரு! ஓரியூர்வரை நடந்த கால் அடுத்த தெருவுக்கு நடக்கவில்லை. எதிரே வலைக்காரர் வந்தால் இவர் சந்துக்குள். சந்தில் நாய். நாய் கடித்தாலும் பரவாயில்லை, வெளியே வரமாட்டார்.

கடைசியில் பங்குச் சாமியே கேட்டுவிட்டாராம்: "எத்தனை தடவைய்யா கடவுள்கிட்டயே சொல்லுவீர்? வலை கடவுளோடதா?"

மறுநாள் பணமும் ஒரு கட்டு நைலான் நூலுமாகப் போனார். வலைக்காரர் இல்லை. அவருடைய ஆத்தா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வலையில் மிஞ்சிய கண்ணிகளைத் தடவித் தடவி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. இவர் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. "வலை போனாப் போகுதுய்யா. சின்னப் புள்ளையில எங்க வீட்டுல கஞ்சி குடிச்சு வளந்தவன், இத்தனை மாசமா வாசலை மிதிக்கலையே நீ. அதை நெனச்சுத்தான்யா நான் அழுதேன்." இவரும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்து அழ, கிழவியும் அழ...

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் என்னை முறைப்பது தெரிகிறது. கண்ணீர் எதிரணிக் கட்சி, மறக்கவில்லை. ஆனால் இதற்குமேல் எனக்கே தொண்டை அடைக்கிறது. மணியை அடித்துவிடுங்கள், உட்கார்ந்துகொள்கிறேன்.