சிமென்ட்டுக்குள் மருந்து

நேயர்களுக்கு வணக்கம். செயற்கை மூட்டை எலும்போடு பிடித்து நிறுத்தும் எலும்பு சிமென்ட், பெயரில்தான் சிமென்ட். பொருளில் அது அக்ரிலிக் பிளாஸ்டிக். வழக்கமாக 40 கிராம் பொடி, 20 மில்லி திரவம். பொடியில் பாலிமர் மணிகளும் (பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்), வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடும், எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பேரியம் சல்பேட்டும் இருக்கும். திரவம் பெரும்பாலும் மோனோமர், அதாவது சங்கிலியாகக் கோக்க வேண்டிய அந்தச் சிறு மூலக்கூறு. கலந்தால் மாவாகி, சூடேறி, சில நிமிடங்களில் இறுகிவிடும்.

இதில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் சேர்த்துத் தொற்றை எதிர்க்கும் முறையை 1970-இல் ஜெர்மனியின் அறுவை மருத்துவர் புக்ஹோல்ஸ் வெளியிட்டார். அன்றைய சிக்கல் இன்றும் தீரவில்லை. மருந்து சிமென்ட்டோடு பிணைவதில்லை; துகளாகவே கிடக்கிறது. மேற்பரப்பில் இருப்பது முதல் சில நாட்களிலேயே கரைந்துபோகும். ஆழத்தில் இருப்பது வெளிவர வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கும். கரைந்த இடம் ஓட்டையாகும்; விரிசல் அங்கிருந்து கிளம்பும். அதனால் மூட்டைத் தாங்கும் சிமென்ட்டில் 40 கிராமுக்குச் சுமார் 1 கிராமோடு நிறுத்துகிறார்கள். தொற்று வந்தபின் மூட்டைக் கழற்றிய இடத்தில் தற்காலிகமாக வைக்கும் சிமென்ட் கட்டையான ஸ்பேசரில் 4 கிராமும் அதற்கு மேலும் போடுவதுண்டு. எதிலும் மருந்து பொடியாகவே சேர வேண்டும். நீர்க்கரைசலாக ஊற்றினால் பலம் வெகுவாக விழும்.

பாலிமர் சேர்மானங்கள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற நீரில் கரையும் பாலிமரைப் போட்டால், அது கரைந்து வழிவிட, உள்ளிருக்கும் மருந்தும் வெளிவரும். ஆனால் வழி என்பதும் ஓட்டைதானே! ஸ்பேசருக்கு இது சரி. நிரந்தர மூட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருந்தைப் பாலிமர் உறைக்குள் அடைப்பது எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. சிவப்பு நிற ஆன்டிபயாடிக்கான ரிஃபாம்பிசினையே எடுத்துக்கொள்ளுங்கள். நேராகக் கலந்தால், சிவந்த மாவு இறுக வேண்டிய நேரம் கடந்தும் விரல் பட்டால் குழியும். பாலிமர் சங்கிலியை வளர்க்கும், வினைத்துடிப்பு மிகுந்த தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) ரிஃபாம்பிசின் பிடித்து அணைத்துவிடுவதே காரணம். நல்ல உறை இரண்டையும் பிரித்து வைக்கும். அந்த உறையையே மோனோமர் கரைத்துவிடக் கூடாது. மோனோமர் வலுவான கரைப்பான். ஆகவே சிமென்ட்டில் சேர்க்குமுன், உறையிட்ட துகளை மட்டும் மோனோமரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். திரவம் சிவந்தால் அந்த உறை உதவாது.

மூன்றாவது வழி, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பாலிமரை நேர்மின்னூட்டம் பெறும்படி மாற்றிச் சேர்ப்பது. அது கசியாமலே, தொட்ட கிருமியைக் கொல்லும். தள்ளியிருக்கும் கிருமியை எட்டாது. நீரை உறிஞ்சி வீங்கும் குணமும் அதற்கு உண்டு.

அமுக்க வலிமைக்கான சர்வதேசத் தர அளவு குறைந்தது 70 மெகாபாஸ்கல். உலர்ந்த துண்டு அதைத் தாண்டிவிட்டதென்று நிம்மதி அடைய வேண்டாம். 37 டிகிரி உப்புநீரில் சில வாரங்கள் ஊறி, மருந்து கசிந்து முடிந்த துண்டையும் அமுக்கிப் பாருங்கள். உடலுக்குள் எடை தாங்கப்போவது அந்த ஊறிய சிமென்ட்தான்.