காதில் விழாத எழுத்துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியபோது எனக்கு 38 வயது. பேச்சு ஓரளவு கைவந்ததும் மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன். பதில் போடத் தாமதமானால் 'தெஸோலே' என்று தொடங்குவேன். 'மன்னிக்கவும்' என்று பொருள். இரண்டு வருடம் கழித்துத்தான் ஒரு தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இத்தனை நாளா நீ ஆம்பளையா மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கே!" எழுதுபவர் பெண்ணாக இருந்தால் அந்தச் சொல்லின் கடைசியில் இன்னொரு ஆங்கில 'ஈ' சேர வேண்டுமாம். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் உச்சரிப்பு ஒன்றுதான். அதனால் தொலைபேசியில் நான் பெண். காகிதத்தில் மட்டும் ஆண்.

வயது வந்தபின் பிரெஞ்சு எழுதப் பழகுகிறவர்களின் கஷ்டம் பெரும்பாலும் அந்த ஒற்றை 'ஈ'யில்தான் இருக்கிறது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரெஞ்சில் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறார்கள் எல்லாவற்றுக்கும் 'பார்ல்' என்று ஒரே ஒலி. எழுத்திலோ மூன்று வடிவம். 'அவர்கள்' என்றால் கடைசியில் ஈ, என், டி மூன்றும் வந்து உட்காரும், வாயே திறக்காது. நாம் மொழியைக் காதால் பிடித்தவர்கள். காதுக்கு எட்டாததைக் கை எப்படி எழுதும்?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1857-இல் மூன்றாம் நெப்போலியனின் அரசவையில் ப்ரோஸ்பேர் மெரிமே என்ற எழுத்தாளர் பொழுதுபோக்காக ஒரு சொல்வதெழுதுதல் வைத்தார். பேரரசர் 75 பிழை, பேரரசி 62 பிழை, ஆஸ்திரியாக்காரரான இளவரசர் மெட்டர்னிக் வெறும் மூன்றே பிழை என்று இன்றும் கதை சொல்வார்கள். கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்பது இருக்கட்டும். வெளியாள் ஜெயித்த கதை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம்.

சொல்வதெழுதுதல் என்றதும் பள்ளிக்கூட ஞாபகம் வந்து முகம் சுளிக்காதீர்கள். நான் பார்த்தவரை இதைப் போலப் பலன் தந்த பயிற்சி வேறில்லை. ஆர்.எஃப்.ஐ. வானொலியில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி வருகிறது. அதன் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. நாலு வரி கேளுங்கள், எழுதுங்கள், ஒப்பிடுங்கள். பிழைகளை எண்ண வேண்டாம், பிரித்துப் பாருங்கள். தவறாகக் கேட்டது ஒரு வகை. சரியாகக் கேட்டும் எழுத்துத் தப்பியது இன்னொரு வகை. மூன்றாவது, ஒருமை பன்மை, ஆண்பால் பெண்பால் பொருந்தாமல் போனது. முதல் இரண்டும் கேட்கக் கேட்க, படிக்கப் படிக்கக் குறையும். மூன்றாவது தானாகப் போகாது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேட ஒரு வழி இருக்கிறது. எழுதி முடித்ததை மூன்று முறை படிப்பேன், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் பார்ப்பேன். முதலில் வினைகள்: இதைச் செய்வது யார், ஒருவரா பலரா? அடுத்து பெயர்ச்சொற்களும் அவற்றை ஒட்டிய அடைகளும். கடைசியில் 'ஏ' என்று முடியும் சொற்கள். 'பேச' என்பதும் 'பேசிய' என்பதும் பிரெஞ்சில் 'பார்லே'தான். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தந்திரம் சொல்லிக்கொடுப்பார்கள். சந்தேகம் வந்த இடத்தில் 'விற்க' என்னும் வினையைப் போட்டுப் பார். 'வாந்த்ர்' பொருந்தினால் 'ஈ, ஆர்' எழுது. 'வாந்த்யூ' பொருந்தினால் மேலே சாய்கோடு போட்ட 'ஈ' எழுது. பொருள் அபத்தமாக இருக்கும், இலக்கணம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பால் விஷயம் நமக்குப் புதிது. மேசையும் புத்தகமும் நமக்கு அஃறிணை. அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். உயிரொலியில் தொடங்கும் சொல்லாக இருந்தால் முன்னால் வரும் ஆண்பால் 'லெ'யும் பெண்பால் 'லா'வும் உயிரை விட்டு வெறும் 'ல்' ஆகிவிடும். நம் குற்றியலுகரம் கெடுவது மாதிரிதான். பால் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே அப்படிப்பட்ட சொற்களை ஆண்பாலுக்கு 'அன்', பெண்பாலுக்கு 'யூன்' சேர்த்தே குறித்துவையுங்கள். பள்ளிக்கூடம் 'யூன் எகோல்', விடுதி 'அன் ஓட்டெல்'.

ஒரு விஷயத்தில் தமிழர்களுக்குக் கூடுதல் வசதி. பேசுவது வேறு, எழுதுவது வேறு என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'தெரியாது' என்பதைப் பிரெஞ்சுக்காரர் பேச்சில் 'ஷே பா' என்று விழுங்குவார். எழுதும்போது 'ஜெ நெ ஸே பா' என்று நாலு சொல்லையும் நிறுத்துவார். 'நாங்கள்' என்பதற்குப் பேச்சில் 'ஓன்' போதும். அலுவல் கடிதத்தில் 'நூ' வேண்டும்.

கடிதம் என்றதும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதை அப்படியே மொழிபெயர்த்துவிடாதீர்கள், அங்கே யாரும் அப்படி எழுதுவதில்லை. முகம் தெரியாதவருக்கு 'மதாம், மெஸ்யூ' என்று விளித்தால் போதும். முதல் வரியிலேயே வந்த காரியத்தைச் சொல்லிவிடலாம். கேட்பதை 'பூரியே-வூ' என்று, அதாவது 'முடியுமா' என்கிற தொனியில் கேட்கலாம். முடிக்க 'கோர்தியால்மான்'. 'வூ', அதாவது 'நீங்கள்' என்று மரியாதையாகத் தொடங்கிப் பாதியில் 'நீ' என்னும் 'த்யூ'வுக்கு இறங்குவதுதான் பெரிய விபத்து. கேள்விக்குறிக்கும் வியப்புக்குறிக்கும் முன்னால் ஓர் இடைவெளி விடுவது பிரான்ஸ் வழக்கம். கிழமை, மாதப் பெயர்களுக்குப் பெரிய எழுத்து கிடையாது.

பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வின் பி2 நிலையில் குறைந்தது 250 சொல் எழுதச் சொல்கிறார்கள். அதை நினைத்து முதல் வாரமே கட்டுரையில் இறங்குபவர்கள் இரண்டாம் வாரம் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சீட்டு, சந்திப்பைத் தள்ளிவைக்கக் கோரும் குறுஞ்செய்தி, இன்று என்ன வேலை நடந்தது என்று ஒரு குறிப்பு.

கணினியின் பிழைதிருத்தி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், நீங்கள் எழுதி முடித்தபிறகு வரட்டும். ஆனால் என் 'தெஸோலே'யை அது ஒருநாளும் தொட்டதில்லை. எழுதுவது ஆணா பெண்ணா என்று அதற்கு எப்படித் தெரியும்?

விடைபெறும் முன் வானொலிக்கு ஏற்ற ஒரு சொல்வதெழுதுதல். காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். 'லேஸ் அமி கெ ஜே ஆன்வித்தே ஸோன் தாரிவே.' நான் அழைத்த நண்பர்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஆண்களா, பெண்களா? நான் எத்தனை முறை வாசித்தாலும் உங்கள் காதுக்குத் தெரியாது. ஆனால் எழுதுகிற நீங்கள் மூன்று சொற்களின் கடைசியில் முடிவு செய்தாக வேண்டும். இன்னொரு முறை வாசிக்கிறேன்: 'லேஸ் அமி கெ ஜே ஆன்வித்தே ஸோன் தாரிவே.'

வணக்கம்.